கண்ணை மட்டும் விட்டுவிட்டு

இந்த நாட்டில் ஒரு தொட்டிக்கு இரண்டு குழாய்கள். ஒன்றில் கை வெந்துபோகும் வெந்நீர் வரும், மற்றதில் விரல் விறைத்துப்போகும் பச்சைத் தண்ணீர். இரண்டையும் ஒரே வாயில் விட இவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்று வந்த நாளாய் யோசிக்கிறேன். கேட்டால், எப்போதும் இப்படித்தான் என்கிறார்கள். அதைவிட அதிசயம், இந்தக் குழாய்களில் எந்நேரமும் தண்ணீர் வருவது. ராயபுரத்தில் எங்கள் தெருக்குழாய் விடியற்காலையில் முதலில் இருமும், பிறகு சீறும், அப்புறம்தான் ஓடும். அது நிற்பதற்குள் முப்பது குடம் நிரம்ப வேண்டும். இங்கே குழாயைத் திறந்துவிட்டு ஊர்க்கதை பேசலாம், பின்னால் நின்று யாரும் குடத்தால் இடுப்பில் இடிக்க மாட்டார்கள். லண்டனுக்குக் கிழக்கே துறைமுகத்தை ஒட்டிய தெருவில், மாடியில் இரண்டு அறை எடுத்துக் குடியிருக்கிறோம். என் கணவர் பீட்டர் கப்பல் பழுதுபார்க்கும் இடத்தில் ஃபிட்டர்.

என் மகள் ரீத்தாவுக்கு ஏழு வயது. அவளுக்குக் குழாயைத் திறக்கத் தெரியும், மூட ஞாபகம் வராது. போன குளிர்காலத்தில் ஒருநாள் சாயங்காலம் பொம்மையைக் குளிப்பாட்டுகிறேன் என்று தொட்டியை அடைத்துத் தண்ணீரைத் திறந்திருக்கிறாள். தெருக்கோடியில் கப்பல் ஊதும் சத்தம் கேட்டிருக்கிறது. பொம்மையை அப்படியே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடிவிட்டாள். நான் பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தேன். தொட்டி வழிந்து, தரை நனைந்து, பலகை இடுக்கு வழியாக இறங்கிய தண்ணீர் கீழ்வீட்டு அம்மாளின் தேநீர் மேஜையில் சொட்டியிருக்கிறது. அந்த அம்மாள் மேலே வந்து, "ஓ டியர்" என்று மட்டும் சொன்னாள். எங்கள் தெருவில் என்றால் என் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசியிருப்பார்கள், நானும் பதிலுக்கு இழுத்து மனசு ஆறியிருப்பேன். இந்த "ஓ டியர்" என்னைக் கூசவைத்துவிட்டது. அவள் படியிறங்கியதும் தோசைத் திருப்பியை எடுத்து ரீத்தாவின் முன்கையில் இழுத்தேன். அவளும் சும்மா வாங்கிக்கொள்கிற பிள்ளை இல்லை. பீங்கான் தட்டு ஒன்றை எடுத்துச் சுவரில் அடித்து நொறுக்கிவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு அரைமணி நேரம் கத்தினாள்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது, நேரில் வரச்சொல்லி. ரீத்தாவின் டீச்சர் மிஸ் ஹார்ப்பர் உயரமானவள். பழுப்புநிறக் கம்பளிச் சட்டை, மூக்குநுனியில் கண்ணாடி. பிள்ளைகள் வீட்டுக்குப் போனபின் என்னைக் குட்டி நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து, ஜன்னலோரம் தனியாகக் கிடந்த இன்னொரு நாற்காலியைக் காட்டினாள். அதன் பக்கத்தில், முட்டை வேகவைக்க நேரம் பார்க்கிற மணல் குப்பி ஒன்று இருந்தது. ரீத்தாவுக்குக் கோபம் வந்தால் அந்த நாற்காலிக்குப் போய்க் குப்பியைக் கவிழ்த்துவைப்பாளாம். மணல் இறங்கி முடிந்ததும் எழுந்து வந்து விட்ட இடத்திலிருந்து தொடருவாளாம். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்களாம். மேலங்கியை மறப்பது, பென்சிலைத் தொலைப்பது, மூன்று வேலை சொன்னால் முதல் வேலையோடு நின்றுவிடுவது, பக்கத்துப் பிள்ளை சிரித்தால் மைக்கூட்டை எறிவது என்று எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். எனக்கோ ஒவ்வொன்றும் குற்றப்பத்திரிகை வாசிப்பதாகவே காதில் விழுந்தது.

இவ்வளவு செய்கிற பிள்ளைக்கு முட்டைக் குப்பிதான் தண்டனையா? வெளிநாட்டுப் பிள்ளையை அடிக்க இந்த டீச்சர் தயங்குகிறாள், அதற்கு என் சம்மதம் கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றிவிட்டது. உடனே, ராயபுரத்துத் தாய் எவளும் சொல்வதை நானும் பெருந்தன்மையாகச் சொன்னேன். "யூ லீவ் ஒன்லி தி ஐஸ், மிஸ். தி ஸ்கின் யூ கேன் பீல்."

"ஐ பெக் யுவர் பார்டன்?" என்றாள். என் இங்கிலீஷ் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லி, வாழைப்பழம் உரிப்பதுபோல் கையாலும் காட்டினேன். அவள் முகம் வெளுத்துவிட்டது. ரீத்தாவின் கையில் உள்ள தழும்பை யார் உண்டாக்கியது என்று மெதுவாகக் கேட்டாள். பொறுப்புள்ள தாய் என்று தெரியட்டுமே என்று நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தான் என்றேன்.

அந்தப் பேச்சின் பொருளை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் என்று வாத்தியாரிடம் சொல்லாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. இனி இவன் உங்கள் பிள்ளை என்பதை நாம் அப்படிச் சொல்கிறோம். தோல் உரியும் என்று சொல்கிறவரும் நினைப்பதில்லை, கேட்கிறவரும் நினைப்பதில்லை. பீட்டர் இதைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஈஸ்டருக்கு இங்குள்ள நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் கூடியபோது, என்னை வாழைப்பழம் உரித்துக் காட்டச் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார். வெள்ளைக்காரிக்கு நம் பேச்சு எங்கே புரியப்போகிறது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், இரண்டாவது தடவை உரித்தும் காட்டினேன்.

ஆனால் அதற்கு முன்பே ஒருநாள் தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி வீட்டுக்கு வந்து போயிருந்தாள். பிள்ளைகள் நலத்தைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து வருகிறேன் என்றாள். படுக்கையைப் பார்த்தாள், சமையல் அலமாரியைப் பார்த்தாள். அது எங்கள் ஊர்ப் பேச்சு, ஆசையாய்ச் சொல்வது என்று நான் விளக்கினேன். அவள் தலையாட்டிவிட்டு ரீத்தாவிடம் குனிந்து, அம்மா அடிப்பாளா என்று கேட்டாள். ரீத்தா என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். "ஒன்லி வென் ஐ ஃபர்கெட்" என்றாள், எனக்குப் பரிந்துபேசுகிற குரலில். தொப்பிக்கார அம்மாள் அதை எழுதிக்கொண்டாள். பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று அன்றிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே ரீத்தாவை உள்ளறைக்கு அனுப்பிவிடுவேன். பீட்டரிடமும் மற்றவர்களிடமும், மிஸ் ஹார்ப்பர் தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று இன்றுவரை சொல்லிவருகிறேன். அவள் சரியாகத்தான் புரிந்துகொண்டாள். அந்தப் பேச்சை மனதாரச் சொன்ன ஒருத்தி அவள் எதிரில் உட்கார்ந்திருந்தாள். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை நான் முதல்தடவையாகச் சொன்னது ராயபுரத்தில், என் பதின்மூன்றாவது வயதில்.

லூர்துமேரி என் தங்கை. எனக்கு ஐந்து வயது இளையவள். கல்மண்டபத்துக்குப் பின்னால் எங்கள் வீடு. அப்பாவை நைனா என்போம், துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டினார். யுத்த காலம், அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்க வேண்டிய காலம். வீட்டில் ஒவ்வொரு கைக்கும் வேலை இருந்தது. லூர்துவின் கைக்கு மட்டும் எந்த வேலையும் ஒட்டவில்லை. கடைக்கு அனுப்பினால் பாதி வழியில் எதற்கு வந்தோம் என்பது போய்விடும். அதற்காக அம்மா ஒரு வழி செய்தாள். பாவாடை நுனியில் வேலைக்கு ஒரு முடிச்சாகப் போட்டு அனுப்புவாள். ஒரு முடிச்சு மீன் ஊறப்போடுகிற காடிக்கு, ஒரு முடிச்சு உப்புக்கு, இன்னொன்று வரும்போது, கோயிலில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வீட்டில் பாத்திரம் வாங்கிவர. லூர்து கடை வாசலில் நின்று முடிச்சை ஒவ்வொன்றாகத் தடவிப்பார்த்து, "இது இன்னா முடிச்சி?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். முடிச்சு இருக்கும், விஷயம் இருக்காது. கடைக்காரர் நல்லவர். எங்கள் வீட்டில் என்னென்ன தீர்ந்திருக்கும் என்று அவரே கணக்குப்பார்த்துக் கொடுத்தனுப்புவார்.

கோபம் வந்தால் அவளை யாரும் பிடிக்க முடியாது. கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது, எது வந்தாலும் முழுதாக வரும். சிரிப்பு வந்தால் பூசையில்கூட நிறுத்த மாட்டாள். அழுகை வந்தால் தரையில் விழுந்து புரளுவாள். யாராவது கேலிசெய்தால் கடித்துவிடுவாள். அவள் பல் பதியாத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. அரைநாழிகை போனால் கடிபட்ட பிள்ளையிடமே போய், வலிக்கிறதா என்று கேட்டு ஊதிவிடுவாள். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டார்கள் என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாங்களும் வேண்டிய மட்டும் உதவினோம்.

மத்தியானச் சங்குக்கு முன்னால் நைனாவுக்குச் சோற்றுத் தூக்கைத் துறைமுக வாசலில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். சங்கு ஊதி அவர் வெளியே வருகிற நேரத்தில் தூக்கு அங்கே இல்லாவிட்டால், மறுசங்கு ஊதும்வரை காத்திருந்துவிட்டு வெறும் வயிற்றோடு திரும்புவார். லூர்துவுக்கு எட்டு வயது ஆனதும் அந்த வேலையை அம்மா அவளிடம் கொடுத்தாள். நாலு நாள் ஒழுங்காகக் கொண்டுபோனாள். ஐந்தாம் நாள் கடற்கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். தூக்கை மணலில் வைத்துவிட்டு இவளும் போய்க் கயிற்றைப் பிடித்திருக்கிறாள். வலை கரைக்கு வரும்வரை இழுத்திருக்கிறாள். சிரித்துக்கொண்டே யாரோ பங்கும் கொடுத்திருக்கிறார்கள். பாவாடை மடியில் நெத்திலி மீனோடு, வெற்றி வீரர் போல வீட்டுக்கு வந்தாள்.

"தூக்கு எங்கடி?" என்றாள் அம்மா. "நைனா பசியோட குந்திகினு கீறாரு, நீ மீன் அள்ளிகினு வர்றியா?"

லூர்து முதலில் தன் வலது கையைப் பார்த்தாள், பிறகு இடது கையைப் பார்த்தாள். தூக்கு ஏதாவது ஒரு கையில் இருக்கும் என்று நிஜமாகவே நம்பினாள். அன்று நாய் தின்றது போக மிச்சத் தூக்கை நான்தான் ஓடிப்போய் எடுத்துவந்தேன். மறுநாளிலிருந்து சோறு கொண்டுபோகும் வேலை என் தலையில் விழுந்தது. அதனால் மத்தியான முதல் வகுப்பு எனக்குத் தவறியது. அது கணக்கு வகுப்பு. நான் அந்தப் பள்ளியில் கணக்கில் முதல் பிள்ளை. அந்த வருஷம் மூன்றாவதாக இறங்கினேன். இதைப் படிக்கும்போது சிரிக்கத் தோன்றும். ஆனால் பதின்மூன்று வயதில் எனக்கு இருந்த சொத்து அது ஒன்றுதான். அந்தக் கோபத்தை நான் கடித்துத் தீர்க்கவில்லை. நான் நல்ல பிள்ளை என்று பேர் எடுத்தவள், அதனால் உள்ளேயே வைத்துப் பூட்டினேன்.

அந்த வருஷம் லூர்துவுக்குப் புதுநன்மை. முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாளுக்கு எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்குச் செய்கிற மாதிரி செய்வார்கள். அந்தப் பஞ்சத்திலும் நைனா எங்கிருந்தோ வெள்ளைத் துணி கொண்டுவந்தார். கவுன் தைத்து, தலைக்குப் பூமுடி கட்டி, கையில் பிடிக்க நீள மெழுகுவத்தி வாங்கி வைத்தார்கள். என் முறைக்கு நான் போட்டது பெரியம்மா மகளின் பழைய கவுன். லூர்து மூன்று மாதம் ஞானோபதேச வகுப்புக்குப் போனாள். ஜெபமெல்லாம் பாட்டாகப் பாடினால் அவளுக்கு மனப்பாடம். ஆனால் உபதேசியார் கேள்வியை முடிக்குமுன் பதிலைச் சொல்லிவிட்டு அதற்கும் குட்டு வாங்குவாள். நற்கருணை வாங்கப் போகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் இருக்க வேண்டும் என்பது அப்போது சட்டம். அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டியது என் பொறுப்பு என்று அம்மா சொல்லியிருந்தாள். பாவாடை நுனியில் பெரிய முடிச்சு ஒன்று போட்டு, இது தண்ணீர் குடிக்கக் கூடாது என்கிற முடிச்சு என்று நானே பத்துத்தடவை சொல்லிக்கொடுத்திருந்தேன்.

விடியற்காலையில் நான் குடத்தோடு தெருக்குழாய்க்குப் போனேன். லூர்துவும் வழக்கம்போல் பின்னால் வந்தாள். குழாய் இருமி, சீறி, தண்ணீர் விழுந்த மறுநொடி, தினமும் செய்கிற மாதிரியே குனிந்து வாயை வைத்து மடக்மடக்கென்று குடித்தாள். தடுக்க எனக்கும் நேரம் இல்லை. மூன்று மடக்கு போனபிறகு அவளுக்கே உறைத்தது. நிமிர்ந்து, முகவாயில் நீர் சொட்ட என்னைப் பார்த்தாள்.

"நா குடிக்கலக்கா," என்றாள். "வாயி குடிச்சிடிச்சி."

அது பொய்யில்லை. இன்று யோசித்தால், லூர்துவின் வாழ்க்கை முழுவதையும் அவளே ஒரு வரியில் சொல்லிவிட்டாள் என்று தோன்றுகிறது. கால் போய்விடும், வாய் குடித்துவிடும், பல் கடித்துவிடும், அவள் பின்னாலேயே மூச்சுவாங்க ஓடிவந்து நடந்ததைப் பார்த்துத் திகைத்து நிற்பாள். அப்போது நான் குடத்தை நிரப்பி முடித்தேன். குடத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அவளுக்குக் கவுன் போட்டுவிட்டேன், தலைவாரிப் பூமுடி வைத்தேன். அம்மாவிடம் தனியாகச் சொல்லியிருந்தால் அடுத்த ஞாயிற்றுக்குத் தள்ளிப்போட்டிருப்பார்கள். அவ்வளவு நேரம் எனக்கு இருந்தது. கோயில்வரை நடந்த வழியெல்லாம் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

கோயில் வாசலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, தண்ணீர் கிண்ணீர் குடிக்கவில்லையே என்று உபதேசியார் ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார். நைனா அரைநாள் லீவு எடுத்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். லூர்துவின் முறை வந்ததும் அவள் வாயைத் திறக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்ன சொல்வது என்று என்னிடம் கேட்டாள். நான் உபதேசியாரிடம் சொன்னேன், கூட்டத்துக்குக் கேட்கும்படியாகவே. "குடிச்சிட்டா ஐயா. நா பாத்தேன்."

தண்ணீர் குடித்துவிட்டு நன்மை வாங்கினால் சாவான பாவம், அதிலிருந்து அவளைக் காப்பாற்றினேன் என்று பல வருஷம் எனக்குள் சொல்லிவந்தேன். அன்று எனக்குள் ஓடியது கணக்கு வகுப்பும் அந்த வெள்ளைக் கவுனும்தான். உபதேசியார் அவளை வரிசையிலிருந்து இழுத்தார். லூர்து அலறினாள், மெழுகுவத்தியை வீசினாள், அவர் மணிக்கட்டைக் கடித்தாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நைனா கீழே விழுந்த மெழுகுவத்தியை எடுக்கக் குனிந்தார். வீட்டு மானம் தெருவில் கிடக்கிறது, யாராவது பொறுப்பாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த இடத்தில்தான், பெரியவர்கள் பேச வேண்டியதை நான் பேசினேன். "கண்ண மட்டும் வுட்டுட்டு தோல உரிச்சிடுங்க ஐயா." கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. பெரிய மனுஷி மாதிரி பேசுகிறதே என்று ஒருத்தி என் கன்னத்தைத் தடவினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஊர் சும்மா சொல்கிற அந்தப் பேச்சை அன்று ஒவ்வொரு எழுத்தும் நினைத்துத்தான் சொன்னேன்.

கோயிலுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டுபோய் உபதேசியார் பிரம்பால் அடித்தார். அவர் கொடியவர் இல்லை, ரத்தம் வழிகிற மணிக்கட்டோடு நின்ற கிழவர், அதோடு வீட்டாரே கேட்டுக்கொண்டார்கள். உள்ளே மற்றப் பிள்ளைகள் பாடத் தொடங்கியிருந்தார்கள். லூர்து கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. வெளியே வந்தபோது கவுனின் முதுகுப்பக்கம் கிழிந்திருந்தது. சொன்னபடியே கண்ணை விட்டுவிட்டார்.

அதன்பிறகு அவள் யாரையும் கடிக்கவில்லை. அடியாத மாடு படியாது, பார்த்தாயா என்று அம்மாவே சொன்னாள். இரண்டு மாதம் கழித்து, கவுன் இல்லாமல் பூமுடி இல்லாமல், ஒரு வாரநாள் பூசையில் அவளுக்கு நன்மை கொடுத்தார்கள். மறதி மட்டும் போகவில்லை. முன்பு வேலையைத் தொடங்கிப் பாதியில் விடுவாள், இப்போது தொடங்குவதற்கே பயந்து நின்றாள். ஏதாவது தொலைந்துவிட்டால், யாரும் கேட்குமுன் உள்ளங்கையை விரித்து நீட்டினாள். இதையெல்லாம்கூட நான் சகித்துக்கொண்டேன். சகிக்க முடியாதது ஒன்று இருந்தது. தண்ணீர் குடிக்குமுன் என்னைத் தேடிவருவாள். குவளையைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, குடிக்கட்டா?" என்று கேட்பாள். குடி என்று சொன்னால்தான் குடிப்பாள். எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டைவிட்டுப் போகிறவரை கேட்டாள். கல்யாணத்தன்று, பட்டுப்புடவையும் மாலையுமாக நான் உட்கார்ந்திருந்தபோதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கேட்டாள். பீட்டர் வீட்டார் இது என்ன விளையாட்டு என்று கேட்டதற்கு, சின்ன வயதிலிருந்து அப்படி ஒரு பழக்கம் என்று சிரித்து மழுப்பினேன்.

நான் இங்கே வந்த புதிதில் அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அவள் புருஷனுக்கும் துறைமுகத்தில்தான் வேலை. அவர் எழுதியது, பேச்சு அவளுடையது. வீட்டுச் செய்தியெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அக்கா, பூசைக்கி முன்னாடி தண்ணி குடிச்சா தப்பில்லன்னு சட்டத்த மாத்திட்டாங்களாம். சாமியாரு சொன்னாரு. ஒன்கிட்ட சொல்லணும்னு தோணிச்சி" என்று இருந்தது. குற்றம் சாட்டுகிற ஒரு சொல்கூட அதில் இல்லை. எனக்கு ஒரு நல்ல செய்தி சொல்கிறவளாக எழுதியிருந்தாள். நான் பதில் எழுதினேன். பனி எப்படி விழும், பால் புட்டியை வாசலில் எப்படி வைத்துவிட்டுப் போவார்கள் என்று மூன்று பக்கம் எழுதினேன். தண்ணீரைப் பற்றி எழுதவில்லை. அதன்பிறகு எழுதிய எந்தக் கடிதத்திலும் எழுதவில்லை.

தொப்பிக்கார அம்மாள் வந்துபோனபின், வாரம் ஒருமுறை வகுப்பில் வந்து உட்காரும்படி மிஸ் ஹார்ப்பர் என்னைக் கேட்டாள். பயத்தில்தான் போனேன். அவளைப் புனிதவதி என்று நினைத்துவிடாதீர்கள். இந்தியாவில் யானைமேல் பள்ளிக்கூடம் போவீர்களா என்று கேட்டவள் அவள். ஒருநாள் ரீத்தாவும் இன்னொரு பிள்ளையும் வண்ணத் தண்ணீரை அவள் மேஜைமேல் கொட்டிவிட்டார்கள். மிஸ் ஹார்ப்பரின் கழுத்து சிவந்தது. நான் அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், அவள் ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து மணல் குப்பியைக் கவிழ்த்துவைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் தங்கள்பாட்டுக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். மணல் இறங்கியபின் எழுந்து வந்து, துணியைப் பிழிவது எப்படி என்று காட்டிக்கொடுத்தாள். சொன்னதை மனதில் பிடித்துவைப்பது, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது, கை ஓங்குமுன் ஒரு மூச்சு நிற்பது, இதெல்லாம் பல் முளைக்கிற மாதிரி பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடும், வராத பிள்ளை கெட்ட பிள்ளை என்றுதான் இருபத்தாறு வயதுவரை நம்பியிருந்தேன். எனக்கே அது வரவில்லை என்று அந்த நாற்காலியைப் பார்த்தபோது தெரிந்தது. அன்று ரீத்தா கைக்குட்டையின் மூலையில் ஒரு முடிச்சோடு வீட்டுக்கு வந்தாள். ஞாபகத்துக்காக டீச்சர் போட்டதாம். எதற்கு என்று கேட்டேன். முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். நான் சமையலறைக்குள் போய் அழுதேன்.

போன ஜூன் மாதம், நற்கருணைத் திருநாளன்று ரீத்தாவுக்குப் புதுநன்மை. இங்குள்ள ஐரிஷ் சாமியார், பிள்ளைகள் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று முந்தின ஞாயிறே சொல்லிவிட்டார். காலையில் வெள்ளைக் கவுன் போட்டுவிட்டுப் பூமுடி எடுக்க அறைக்குள் போனேன். திரும்பி வந்தால் ரீத்தா சமையலறையில், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து, பக்கத்தில் குவளை இருக்கக் குனிந்து வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். கழுத்துப்பட்டை முழுவதும் நனைந்துவிட்டது. இவளுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. என் கை எழும்பிவிட்டது. நான் ஓங்கவில்லை, கை ஓங்கிவிட்டது.

அவள் திரும்பினாள். வாய் நிறையத் தண்ணீர், கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. என் கையைப் பார்த்தாள். விழுங்கவுமில்லை, துப்பவுமில்லை. விழுங்கலாமா என்று கண்ணால் கேட்டுக்கொண்டு நின்றாள். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். கையை எப்படி இறக்கினேன் என்று நினைவில்லை. "முழுங்குடி கண்ணு. ஒண்ணுமில்ல, குடி," என்றேன், இங்கே யாருக்கும் புரியாத ராயபுரத்துப் பேச்சில். ரீத்தாவுக்குத் தமிழ் அரைகுறைதான், இருந்தாலும் தண்ணீர் அவள் தொண்டையில் இறங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு பூமுடி பூமுடி என்று கத்திக்கொண்டு அறைக்குள் ஓடிவிட்டாள்.

குழாயை மூட வழக்கம்போல் மறந்துவிட்டாள். நானும் கொஞ்ச நேரம் மூடவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஏழரை மணி. நம் ஊர்த் துறைமுகத்தில் அப்போது மத்தியானச் சங்கு ஊதுகிற நேரம். லூர்துதான் இப்போது தன் புருஷனுக்குத் தூக்கு எடுத்துக்கொண்டு போகிறாளாம், அம்மா எழுதியிருந்தாள். சங்கு ஊதி அவர் வெளியே வரும்வரை அந்த வெயிலில் வாசலுக்கு வெளியே நின்றிருப்பாள். தாகம் எடுத்தால், நான் இல்லாத ஊரில் யாரிடம் கேட்டுக் குடிக்கிறாளோ, தெரியவில்லை.